ஊருக்கு ஊர் பார்க் இருந்தும் ஏன் போதவில்லை? சார்லஸ் எலியட்டின் கதை

ஒரு ஆறு. அந்த ஆறுதான் இரண்டு ஊர்களுக்கும் எல்லை. இந்தக் கரையில் இருக்கும் ஊர், மக்கள் வரிப்பணத்தில் புல்வெளி போட்டு, மரம் நட்டு, பெஞ்ச் வைக்கிறது. எதிர்க்கரையில் இருக்கும் ஊரோ ஒரு கசாப்புத் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுக்கிறது. காற்று இந்தப் பக்கம் வீசும்போது அந்தப் பெஞ்சில் யார் உட்காருவார்கள்?

1890-களில் அமெரிக்காவின் பாஸ்டனைச் சுற்றியிருந்த ஊர்களுக்கு இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. பாஸ்டனுக்குள் அப்போது சுமார் நாலரை லட்சம் பேர் இருந்தார்கள். நகர எல்லைக்கு வெளியே, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, தனித்தனி நிர்வாகம் கொண்ட சிறிய நகரங்களும் டவுன்களும். ரயிலும் டிராமும் எல்லை பார்க்காமல் ஓடின. வீடுகள் எல்லை பார்க்காமல் பரவின. பூங்கா மட்டும் ஊர் எல்லையோடு நின்றது.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர், முப்பது வயதைச் சற்றே தாண்டிய ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். பெயர் சார்லஸ் எலியட். நகரத் திட்டமிடல் படிக்கும் யாரும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. 37 வயதில் இறந்துபோனார். பெரிய வேலைக்கு அவருக்குக் கிடைத்தது நான்கே வருடம்.

சனிக்கிழமை நடை

எலியட் பிறந்தது 1859 நவம்பர் 1, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில். இங்கிலாந்தில் இருக்கும் கேம்பிரிட்ஜ் இல்லை. சார்லஸ் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஹார்வர்டு பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் பாஸ்டன் என்று இருக்கும் கேம்பிரிட்ஜ். அவருடைய அப்பா சார்லஸ் வில்லியம் எலியட் 1869-ல் ஹார்வர்டின் தலைவரானார். அடுத்த 40 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்து, ஒரு பழைய கல்லூரியை நவீனப் பல்கலைக்கழகமாக மாற்றியவர். அதே 1869-ல்தான் அம்மா எல்லன் காசநோயில் இறந்தார். பையனுக்கு ஒன்பது வயது.

வெளியே இருந்து பார்த்தால் செல்வாக்கான குடும்பம். உள்ளே, கூச்ச சுபாவமும் அடிக்கடி மனச்சோர்வும் உள்ள ஒரு பையன். அவனுக்குப் பிடித்தவை இரண்டு: மேப், நடை. பதின்ம வயதில் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் பாஸ்டனைச் சுற்றியுள்ள காடு, குன்று, சதுப்பு நிலம் என்று நடப்பான். ரயிலில் கொஞ்ச தூரம், அப்புறம் கால்நடை. போன இடங்களையெல்லாம் பட்டியல் போட்டு வைத்தான். பின்னாளில் அவர் காப்பாற்றிய இடங்கள் பல, அந்தப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தவை.

கோடை விடுமுறை கடலில். குடும்பத்துக்கு ஒரு பாய்மரப் படகு இருந்தது. வடக்கே மெய்ன் மாநிலத்தின் கடற்கரை ஓரமாகப் போவார்கள். தீவுகளில் கூடாரம் போடுவார்கள். ஹார்வர்டில் படிக்கும்போது நண்பர்களோடு அங்கே உள்ள மவுன்ட் டெசர்ட் தீவில் முகாமிட்டார். அது வெறும் ஜாலி ட்ரிப் இல்லை. ஆளுக்கு ஒரு துறை என்று பிரித்துக்கொண்டு தாவரங்கள், பாறைகள், பறவைகள் என்று பதிவு செய்தார்கள். ஒரு நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் அதை அங்குலம் அங்குலமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பழக்கம் அங்கேயே வந்துவிட்டது.

1882-ல் பட்டம் வாங்கியபோது என்ன வேலைக்குப் போவது என்று தெரியவில்லை. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்று ஒரு படிப்பே அப்போது எங்கும் இல்லை. ஹார்வர்டின் வேளாண்மை, தோட்டக்கலைப் பிரிவில் கொஞ்ச காலம் படித்தார். தாய்மாமா ராபர்ட் பீபாடி பாஸ்டனின் பெரிய கட்டடக் கலைஞர். அவர் மூலமாக ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டிடம் போய்ச் சேர்ந்தார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவர் ஓம்ஸ்டெட். அப்போது பாஸ்டனை ஒட்டிய ப்ரூக்லைனில் அவருடைய அலுவலகம். 1883 முதல் 1885 வரை எலியட் அங்கே பயிற்சி பெற்றார்.

அங்கே அவர் கண்ணெதிரே நடந்த ஒரு வேலை கவனிக்கத்தக்கது. பாஸ்டனுக்கும் ப்ரூக்லைனுக்கும் நடுவே மடி ரிவர் என்று ஒரு சிற்றாறு. பெயருக்கு ஏற்றபடியே சேறு. ஓம்ஸ்டெட் அதை ஒரு நீளமான ஆற்றங்கரைப் பூங்காவாக மாற்றத் திட்டம் போட்டார். ஒரு கரை பாஸ்டன் பூங்கா ஆணையத்திடம், மறு கரை ப்ரூக்லைன் பூங்கா ஆணையத்திடம். திட்டம் ஒன்று, கஜானா இரண்டு. இரண்டு ஊர்களும் ஒத்துழைத்ததால் வேலை நடந்தது. ஆனா, இரண்டுக்குப் பதிலாக ஐந்து ஊர் இருந்தால்? முப்பது இருந்தால்?

பிறகு ஒரு வருடம் ஐரோப்பா. பூங்காக்கள், தோட்டங்கள், காடுகள், நூலகங்கள் என்று சுற்றினார். ஜெர்மனியில் இளவரசர் பியூக்லர் உருவாக்கிய மஸ்காவ் பூங்கா அவரை அதிகம் ஈர்த்தது: ஆறு, கிராமம், வயல், காடு எல்லாம் சேர்த்து ஒரு முழுப் பள்ளத்தாக்கையே ஒரே இடமாகப் பார்த்த வடிவமைப்பு அது. 1886 கடைசியில் பாஸ்டனில் சொந்த அலுவலகம் திறந்தார். 1888-ல் மேரி யேல் பிட்கினுடன் திருமணம். நான்கு பெண் குழந்தைகள்.

மரங்களுக்கு ஒரு மியூசியம்

பாஸ்டனுக்கு மேற்கே, பெல்மாண்ட், வால்தம் என்ற இரண்டு ஊர்கள் சந்திக்கும் இடத்தில், ஒரு ஓடையை ஒட்டி இருபதுக்கும் மேற்பட்ட ஓக் மரங்கள் நின்றன. பல நூறு ஆண்டு பழையவை. வேவர்லி ஓக்ஸ் என்று பெயர். ஓவியர்களும் கவிஞர்களும் தாவரவியலாளர்களும் தேடி வந்த இடம். ஆனால் தனியார் நிலம். சுற்றிலும் மனை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1890 மார்ச்சில், கார்டன் அண்ட் ஃபாரஸ்ட் என்ற வார இதழில் எலியட் ஒரு கடிதம் எழுதினார். யோசனை எளிமையானது. பொது நூலகம் மக்களுக்காகப் புத்தகங்களை வைத்திருக்கிறது. கலைக்கூடம் ஓவியங்களை வைத்திருக்கிறது. அதே மாதிரி, அழகான நிலங்களை மக்களுக்காக வாங்கி வைத்துக்கொள்ள ஒரு அமைப்பு ஏன் இருக்கக்கூடாது? அந்த நிலத்துக்கு வரி இருக்காது, விற்கவும் மாட்டார்கள். நன்கொடையாகவும் நிலம் வாங்கிக்கொள்ளும். எந்த ஊரில் இருந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

கடைசி விஷயம்தான் முக்கியம். மாசசூசெட்ஸில் 1882-லேயே பூங்காச் சட்டம் ஒன்று இருந்தது. நகரங்களும் டவுன்களும் நிலம் வாங்கிப் பூங்கா அமைக்கலாம்; ஆனால் அவரவர் எல்லைக்குள் மட்டும். அழகான இடங்களில் பாதிக்கு மேல் எல்லையில்தான் கிடக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது. ஆறு, ஓடை, மலைமுகடு இவற்றை வைத்துத்தானே ஊர் எல்லையே போடுவார்கள்? அங்கே பூங்கா அமைத்தால் பாதிக் கூட்டம் பக்கத்து ஊரிலிருந்து வரும். பக்கத்து ஊர்க்காரன் காற்று வாங்க நாம் ஏன் காசு போட வேண்டும் என்று இரண்டு ஊரும் யோசிக்கும். கடைசியில் இரண்டு ஊரும் வாங்காது.

கடிதத்தோடு எலியட் நிற்கவில்லை. சுற்றறிக்கை அனுப்பினார், கூட்டம் கூட்டினார், சட்டமன்றத்தில் ஆதரவு தேடினார். 1891-ல் டிரஸ்டீஸ் ஆஃப் பப்ளிக் ரிசர்வேஷன்ஸ் என்ற அமைப்பு சட்டப்படி உருவானது. உலகத்திலேயே இந்த மாதிரி அமைப்புகளில் முதலாவது என்று சொல்லப்படுகிறது. 1895-ல் இங்கிலாந்தில் நேஷனல் டிரஸ்ட் தொடங்கியவர்கள் இதைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். இன்றும் இரண்டும் இயங்குகின்றன.

ஆனால் எலியட்டுக்குச் சீக்கிரமே ஒன்று புரிந்தது. நன்கொடையை நம்பி இருந்தால், நல்ல மனசு உள்ள பணக்காரர் எந்த இடத்தைக் கொடுக்கிறாரோ அந்த இடம்தான் கிடைக்கும். தேவையான இடம் கிடைக்காது. ஒரு ஆற்றின் இரண்டு கரையையும் முழுசாக யாரும் தானமாகக் கொடுக்க மாட்டார்கள். அதற்கு அரசாங்கம் வேண்டும். அதுவும் எந்த ஒரு ஊருக்கும் சொந்தமில்லாத அரசாங்கம்.

ஐந்து ஊர்களுக்கு நடுவே ஒரு காடு

பாஸ்டனுக்கு வடக்கே மிடில்செக்ஸ் ஃபெல்ஸ் என்று பாறையும் குளமும் காடுமாக ஒரு நிலம். மால்டன், மெட்ஃபோர்டு, மெல்ரோஸ், ஸ்டோன்ஹாம், வின்செஸ்டர் என்று ஐந்து ஊர்கள் அதைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டு வைத்திருந்தன. இதைக் காப்பாற்ற எலியட்டுக்கு முன்பே ஒருவர் பாடுபட்டார்: எலிசூர் ரைட். அடிமை முறை ஒழிப்புக்குப் போராடியவர்; ஆயுள் காப்பீட்டுக் கணக்கில் மோசடிகளைத் தடுத்து அந்தத் துறையையே சீர்செய்தவர். மெட்ஃபோர்டில், அந்தக் காட்டை ஒட்டியே அவர் வீடு. பல வருடம் எழுதினார், பேசினார், ஊர் ஊராக ஆதரவு கேட்டார். 1885-ல் இறந்தபோது காடு தனியார் கையில்தான் இருந்தது. ஐந்து ஊரும் ஒரே நேரத்தில் பர்ஸைத் திறக்க வைக்க அவரால் முடியவில்லை.

அதே காட்டுக்காகப் பேசியவர்களில் இன்னொருவர் சில்வெஸ்டர் பாக்ஸ்டர். மால்டன்காரர், பத்திரிகையாளர். 1891-ல் கிரேட்டர் பாஸ்டன் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பாஸ்டனையும் சுற்றியுள்ள ஊர்களையும் பொது வேலைகளுக்காக ஒரு கூட்டமைப்பாக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். எலியட்டும் பாக்ஸ்டரும் சேர்ந்தது இந்தக் கதையில் ஒரு திருப்பம். ஒருவருக்கு நிலம் தெரியும். இன்னொருவருக்கு மக்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியும்.

1891 டிசம்பரில், டிரஸ்டீஸ் அமைப்பின் பெயரில், சுற்றியுள்ள ஊர்களின் பூங்கா ஆணையர்களை எல்லாம் ஒரே அறைக்கு அழைத்தார் எலியட். தனித்தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பிரச்சினையை இன்னொருவர் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பிரச்சினை. சட்டமன்றத்துக்கு மனு போனது. 1892-ல் ஒரு தற்காலிக ஆணையம் அமைந்தது. மூன்று உறுப்பினர்கள், தலைவர் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஆடம்ஸ், இரண்டு அமெரிக்க அதிபர்களைக் கொடுத்த குடும்பத்திலிருந்து வந்தவர். பாக்ஸ்டர் செயலாளர். எலியட் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்.

ஆணையர்களை எலியட் அறையில் உட்கார வைத்து மேப் காட்டவில்லை. இடம் இடமாகக் கூட்டிப் போனார். கடற்கரை, சதுப்பு, குன்று, ஆற்றின் வாய். 1893 ஜனவரியில் அறிக்கை வந்தது. எலியட் எழுதிய பகுதி, பூங்கா அறிக்கை என்பதைவிட நிலவியல் பாடம் மாதிரி இருக்கும். இந்த நிலப்பரப்பு எப்படி உருவானது, எங்கே பாறை, எங்கே நீர், மக்கள் எங்கே குடியேறினார்கள், ஏன் என்று ஆரம்பிக்கிறது. அதிலிருந்து ஐந்து வகை இடங்களைப் பட்டியல் போடுகிறார்: கடற்கரை, உள்வளைகுடாவின் தீவுகள், பெரிய ஆறுகளின் கழிமுகக் கரைகள், வெளிவட்டத்தில் இரண்டு மூன்று பெரிய காடுகள், நெருக்கமான குடியிருப்புகளுக்குள் நிறையச் சின்னச் சின்ன மைதானங்கள்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பாறையும் சதுப்பும் வீடு கட்ட உதவாத நிலம். இப்போது விலை குறைவு. அவற்றில்தான் அழகும் அதிகம், வெள்ளம் வடியும் வழியும் அதுதான். இன்னும் பத்து வருடம் போனால் அங்கேயும் மனை போடுவார்கள், விலை ஏறிவிடும். அதனால் இப்போதே வாங்கு; அலங்காரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பூச்செடிக்கும் பாலத்துக்கும் செலவு செய்ய ஆசைப்பட்டவர்களிடம் அவர் கடைசி வரை இதையே சொன்னார்.

சரி, காசு யார் கொடுப்பது?

இங்கேதான் எல்லாத் திட்டமும் படுத்துவிடும். 1893 ஜூனில் நிறைவேறிய சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தக் கதையின் இதயம் இதுதான்.

முதலில், மெட்ரோபாலிடன் பார்க் கமிஷன் என்ற நிரந்தர ஆணையம். சம்பளம் வாங்காத ஐந்து உறுப்பினர்கள். மாநில ஆளுநர் நியமிப்பார். பாஸ்டனையும் சேர்த்து 35-க்கும் மேற்பட்ட நகரங்கள், டவுன்கள் இதன் வட்டத்துக்குள் வந்தன. அந்த வட்டத்துக்குள் எந்த ஊரில் நிலம் இருந்தாலும் ஆணையம் வாங்கலாம். விற்க மறுத்தால் இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்தலாம்.

அடுத்து, பணம். ஊர்களிடம் முன்கூட்டியே வசூல் செய்யவில்லை. மாநில அரசு தன் பெயரில் நீண்டகாலக் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டியது. முதல் தவணை 10 லட்சம் டாலர். ஒரு சின்ன டவுன் கடன் கேட்டால் வட்டி அதிகம். மாநிலம் கேட்டால் குறைவு. ஒரே கடன், குறைந்த வட்டி, உடனே கையில் பணம்.

திருப்பிக் கட்டுவது யார்? ஊர்கள்தான். அசல், வட்டி, பராமரிப்புச் செலவு மூன்றையும் அவை பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை ஊர்கள் பேசித் தீர்க்கட்டும் என்று விட்டிருந்தால், இன்றைக்கு வரைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள். பாஸ்டன் பெரிய நகரம், வரி வருமானம் அதிகம். ஆனால் காடுகள் பாஸ்டனுக்கு வெளியே. ஸ்டோன்ஹாம் மாதிரி ஒரு சின்ன ஊரில் காடு நிறைய, வருமானம் கொஞ்சம். யார் நியாயமாகப் பிரிப்பது? சட்டம் அந்த வேலையை மாநில உச்ச நீதிமன்றத்திடம் கொடுத்தது. நீதிமன்றம் மூன்று பேரை நியமிக்கும். அவர்கள் ஒவ்வோர் ஊரின் பங்கையும் முடிவு செய்வார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கணக்குப் போடுவார்கள். ஊர் வளர்ந்தால் பங்கும் மாறும்.

இது முழுக்க எலியட்டின் மூளையில் உதித்தது என்று சொல்ல முடியாது. பாஸ்டன் பகுதியில் 1889-லேயே பாதாள சாக்கடைக்கு ஒரு பொது ஆணையம் வந்துவிட்டது. கழிவுநீர் எல்லை பார்க்காது என்பது மூக்கு உள்ள எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எலியட்டும் பாக்ஸ்டரும் ஆடம்ஸும் செய்தது, அந்தச் சாக்கடை ஏற்பாட்டைப் பூங்காவுக்குக் கொண்டு வந்தது. இரண்டு வருடம் கழித்து, 1895-ல், குடிநீருக்கும் அதே மாதிரி ஒரு வாரியம் வந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது; அதை மறைக்க வேண்டியதில்லை. மாசசூசெட்ஸ் டவுன்களுக்கு டவுன் மீட்டிங் என்றால் உயிர். ஊர் மக்கள் கூடி, கை தூக்கி, ஒவ்வொரு செலவையும் முடிவு செய்யும் பழக்கம் இருநூறு வருடத்துக்கும் மேல் பழையது. இப்போது ஆளுநர் நியமித்த ஐந்து பேர், ஊர் மக்கள் ஓட்டுப் போடாத ஐந்து பேர், ஊருக்குள் நிலம் எடுக்கிறார்கள். பில் ஊருக்கு வருகிறது. எலியட்டின் தரப்பு வாதம் வேறு: ஊர்கள் தனித்தனியாக இருந்தால் பூங்கா கிடைக்காது, பாஸ்டனோடு ஒரேயடியாக இணைத்துவிட்டால் ஊரே போய்விடும், இது இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. நடைமுறையில் அவர் சொன்னதுதான் வென்றது. ஆனால் தேர்தலில் நிற்காதவர்கள் எவ்வளவு செலவு செய்யலாம் என்ற கேள்வி இந்த மாதிரி ஆணையங்கள் எங்கே வந்தாலும் கூடவே வருகிறது.

நான்கு வருடம்

சட்டம் வந்த அதே 1893-ல் எலியட்டின் தனி வாழ்க்கையும் மாறியது. ஓம்ஸ்டெட்டின் இளம் பங்குதாரர் ஹென்றி காட்மன் திடீரென்று இறந்தார். சிகாகோ உலகக் கண்காட்சி வேலை நடுவழியில் நிற்கிறது. ஓம்ஸ்டெட் பழைய மாணவரைக் கூப்பிட்டார். நிறுவனத்தின் பெயர் ஓம்ஸ்டெட், ஓம்ஸ்டெட் அண்ட் எலியட் என்றானது. 1895-ல் மூத்த ஓம்ஸ்டெட் ஞாபக மறதியால் ஒதுங்கிக்கொள்ள, பாரம் முழுக்க எலியட் மேலும் ஜான் ஓம்ஸ்டெட் மேலும் விழுந்தது.

ஆணையம் முதலில் கையகப்படுத்திய இடம் எது தெரியுமா? வேவர்லி ஓக்ஸ். கடிதம் எழுதி மூன்றே வருடத்தில், பீவர் புரூக் ரிசர்வேஷன் என்ற பெயரில் அந்த மரங்கள் பொதுச் சொத்தாயின. தொடர்ந்து தெற்கே ப்ளூ ஹில்ஸ் குன்றுகள், 4,000 ஏக்கருக்கும் மேல். அதுவும் மில்டன், குயின்சி, கான்டன் என்று பல ஊர்களுக்குள் பரவிய நிலம். பிறகு எலிசூர் ரைட்டின் மிடில்செக்ஸ் ஃபெல்ஸ். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில் எலியட் பிடிவாதக்காரர். சர்வே எண்ணைப் பார்த்துப் போடக் கூடாது. மலைச்சரிவு முடியும் இடம், நீர் பிரியும் இடம் பார்த்துப் போட வேண்டும். முடிந்தவரை பூங்காவின் ஓரமாக ஒரு பொதுச் சாலை வர வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும்? வீடுகளின் கொல்லைப்புறம் பூங்காவைப் பார்த்து நிற்கும். குப்பை உள்ளே விழும். சாலை வந்தால் வீடுகளின் வாசல் பூங்காவைப் பார்க்கும். மனை விலையும் ஏறும், ஊருக்கு வரியும் வரும்.

கடற்கரை இன்னொரு கதை. மாசசூசெட்ஸில் 1640-களின் காலனிச் சட்டம் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன்படி, கரையில் நிலம் வைத்திருப்பவருக்கு, கடல் உள்வாங்கும்போது தெரியும் ஈரமணல் வரை சொந்தம். மீன் பிடிக்க, பறவை வேட்டையாட, படகு ஓட்ட மட்டும்தான் பொதுமக்களுக்கு உரிமை. சும்மா நடக்கக்கூட உரிமை இல்லை. கடலோர மாநிலம், ஆனால் கடலில் கால் நனைக்க யாரிடமோ அனுமதி வேண்டும்.

பாஸ்டனுக்கு வடக்கே ரிவியர் பீச், சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு அரைவட்டமாக வளைந்த மணல். அந்த மணல்மேட்டின் மேலேயே ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே குடிசைகள், மதுக்கடைகள், கொட்டகைகள். எலியட்டின் திட்டத்தில் ரயில் பாதை உள்ளே தள்ளப்பட்டது, கொட்டகைகள் அகற்றப்பட்டன, பழைய தடத்தில் சாலையும் நடைபாதையும் வந்தன. கட்டடம் எதுவாக இருந்தாலும் சாலைக்கு அந்தப் பக்கம். கடலுக்கும் நடப்பவர்களுக்கும் நடுவே எதுவும் கூடாது. 1896 ஜூலையில் திறந்தபோது முதல் நாளே சுமார் 45,000 பேர் வந்தார்கள். பெரும்பாலும் டிராமிலும் ரயிலிலும் வந்த உழைக்கும் மக்கள். அமெரிக்காவின் முதல் பொதுக் கடற்கரை என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எல்லாம் இப்படிச் சுலபமாக நடக்கவில்லை. சார்லஸ் ஆற்றில் அவர் வாழ்நாளில் ஜெயிக்க முடியவில்லை. கடல் ஏறும்போது ஆறு அழகு. இறங்கும்போது சேறும் கழிவும் நாற்றமும். வாயில் ஒரு அணை கட்டி நீர்மட்டத்தை நிலையாக வைத்தால் இரண்டு கரையும் பூங்காவாகும் என்று எலியட் சொன்னார். பூங்கா ஆணையமும் மாநிலச் சுகாதார வாரியமும் சேர்ந்து 1894-ல் அதையே பரிந்துரைத்தன. பாஸ்டன் பக்கம் ஆற்றைப் பார்த்து மாளிகை வைத்திருந்த பணக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அணை கட்டி முடிந்தது 1910-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

கோடாரி விஷயத்திலும் சண்டை. காட்டைக் கையகப்படுத்தியாச்சு, இனி ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது என்றார்கள் பலர். எலியட் ஒத்துக்கொள்ளவில்லை. இது தொடாத காடு இல்லை. இருநூறு வருடத்துக்கும் மேலாக வெட்டியும், மேய்த்தும், எரிந்தும் மிஞ்சியது. அடிமரத்திலிருந்து குச்சி குச்சியாகத் துளிர்த்த நிலம். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது, எந்த இடத்தில் பார்வையைத் திறப்பது என்று யோசித்துச் செய்யாவிட்டால், இருபது வருடத்தில் எல்லா இடமும் ஒரே மாதிரிப் புதராகிவிடும் என்பது அவர் கருத்து. அதற்காக ஒவ்வொரு ரிசர்வேஷனிலும் தாவரங்களைக் கணக்கெடுக்க வைத்து, ஒரு விரிவான அறிக்கை தயாரித்தார்.

அந்த அறிக்கை 1898-ல் அச்சானது. எலியட் 1897 மார்ச் 25-ல் மூளைத் தண்டுவட உறை அழற்சியில் இறந்திருந்தார். சில நாள் காய்ச்சல், அவ்ளோதான். மூத்த மகளுக்குக்கூட பத்து வயது ஆகவில்லை.

அப்பா எழுதிய புத்தகம்

மகன் போன பிறகுதான், மகன் செய்த வேலையின் அளவு தனக்குத் தெரிந்தது என்பது ஹார்வர்டு தலைவரான அப்பாவின் வருத்தம். கடிதங்கள், பயணக் குறிப்புகள், அறிக்கைகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துப் படித்தார். 1902-ல் 700 பக்கத்துக்கும் மேற்பட்ட ஒரு வாழ்க்கை வரலாறாக வெளியிட்டார். 1900-ல் ஹார்வர்டு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரைப் படிப்பாகத் தொடங்கியிருந்தது. மகன் படிக்க நினைத்தபோது எங்கும் இல்லாத படிப்பு.

இன்னொன்றும் செய்தார். பையன் கூடாரம் போட்ட மவுன்ட் டெசர்ட் தீவில், மகனின் டிரஸ்டீஸ் அமைப்பைப் போலவே 1901-ல் ஒரு அமைப்பைத் தொடங்க முன்னின்றார். அது சேர்த்த நிலங்கள்தான் பிறகு மத்திய அரசுக்குப் போய், இன்று அகாடியா தேசியப் பூங்காவாக இருக்கின்றன.

பாஸ்டனில், 1900 வாக்கில் ஆணையத்திடம் 9,000 ஏக்கருக்கும் மேல் நிலம் இருந்தது. 1919-ல் பூங்கா ஆணையமும், குடிநீரையும் கழிவுநீரையும் சேர்த்துக் கவனித்த வாரியமும் ஒன்றாகின. 2003-ல் அதுவும் கலைக்கப்பட்டு, நிலங்கள் மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்குப் போயின. ஊர்கள் சேர்ந்து பங்கு போட்ட ஏற்பாடு கடைசியில் ஒரு மாநில இலாகாவாக முடிந்தது. பூங்காக்களை இணைக்க, குதிரை வண்டிகளுக்காகப் போட்ட நிழற்சாலைகளில் இன்று கார்கள் நெரிகின்றன. 1951-ல் சார்லஸ் ஆற்றங்கரைப் பூங்காவுக்குள்ளேயே ஒரு நெடுஞ்சாலை போட்டுவிட்டார்கள்.

வேவர்லி ஓக் மரங்கள் இப்போது இல்லை, ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. ஓடையும் புல்வெளியும் இருக்கின்றன. அந்த நிலத்தில் யாரும் மனை போடவில்லை. சார்லஸ் ஆற்றின் மேல், ஒரு பக்கம் கேம்பிரிட்ஜ், மறு பக்கம் பாஸ்டன் என்று 1950-ல் கட்டிய ஒரு பாலத்துக்கு எலியட் பாலம் என்று பெயர். அப்பா, மகன் இருவரின் நினைவாகவும் வைத்த பெயர் அது.